அப்பாவின் துடைப்பமும் என் ஹைட்ரஜன் காரும்

அப்பா அமெரிக்கா வந்திருந்த 2019 கோடையில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஒரு ஹைட்ரஜன் நிலையத்தில் தீப்பிடித்தது. ஜூன் 1, சனிக்கிழமை. லாரியில் ஹைட்ரஜன் ஏற்றும்போது கசிந்து வெடித்திருக்கிறது. பே ஏரியாவில் கார்களுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் பங்குகள் பலவற்றுக்கும் எரிபொருள் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த சில நாட்களில் பங்குகளைக் காட்டும் என் கைப்பேசிச் செயலியில் பச்சையாக இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. என் கார் டாங்கில் கால்வாசிகூட இல்லை.

அப்பா முதலில் கேட்டது, "யாருக்கும் அடி படலல்லா?" என்று. இல்லை என்றேன். "லோடிங்கிலயா?" என்றார். ஆமாம். "ஏத்துத எடத்துலயும் எறக்குத எடத்துலயும்தாம்லே எப்பமும் வரும். தொட்டிக்குள்ள கெடக்க வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கும்."

அவர் இதைச் சும்மா சொல்லவில்லை. தூத்துக்குடி உர ஆலையின் அமோனியா பிளாண்டில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவர். உலகம் ஹைட்ரஜனை நாளைய எரிபொருள் என்று பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அது அவருடைய அன்றாடச் சரக்கு. கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவை நீராவியோடு சேர்த்து ரிஃபார்மரில் உடைத்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். காற்றிலிருந்து வரும் நைட்ரஜனோடு அதைச் சேர்த்தால் அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. சின்ன வயதில் நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய கதை ஒன்று உண்டு. சுத்தமான ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. புகை இல்லை, மஞ்சள் நாக்கு இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றால் வெக்கைகூட அவ்வளவாகத் தெரியாது. அதனால் கசிவு என்று சந்தேகம் வந்தால், பழைய ஆட்கள் நீளக் கம்பில் ஒரு துடைப்பத்தைக் கட்டி முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடப்பார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம்.

2018 கடைசியில் ஹைட்ரஜன் கார் வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தன பார்லே?" என்று தொட்டியின் அழுத்தத்தைக் கேட்டார். எழுநூறு என்றேன். "எங்க சிந்தசிஸ் லூப்பே எரநூறு எரநூத்தம்பதுதான்" என்றார். ஆலையில் அமோனியா உருவாகும் பகுதி அது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

எழுநூறு பார் என்றால் என்னவென்று அப்போது எனக்கே முழுதாக உறைக்கவில்லை. கார் டயரில் இருக்கும் காற்று இரண்டேகால் பார். வீட்டு சமையல் சிலிண்டரில் பத்துக்கும் குறைவு. சிஎன்ஜி ஆட்டோவில் 200. ஹைட்ரஜன் காரின் பின் இருக்கைக்கு அடியிலும் பின்னாலும் இருக்கும் தொட்டிகளில் 700. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதன்மேல் கார்பன் இழையைச் சுற்றிச் சுற்றி இறுக்கிச் செய்த தொட்டிகள் அவை. இவ்வளவு அமுக்கியும் ஒரு லிட்டர் இடத்தில் சுமார் 40 கிராம்தான் அடங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலோ 750 கிராம் இருக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் கிட்டத்தட்ட மூன்று கிலோ பெட்ரோலின் ஆற்றல் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு கிலோவைப் பிடித்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஐந்து கிலோ வாயுவைச் சுமக்கத் தொட்டிகளே ஏறக்குறைய தொண்ணூறு கிலோ.

பின்னே ஏன் வாங்கினேன்? அடுக்குமாடி வாடகை வீடு. எனக்கென்று ஒதுக்கிய பார்க்கிங்கில் மின் இணைப்பு கிடையாது, போட்டுத் தரவும் மாட்டார்கள். பேட்டரி கார் வாங்கினால் சார்ஜ் போட ஊர் சுற்ற வேண்டும். ஹைட்ரஜன் கார் என்றால் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டலாம். மூன்று வருடத்துக்கு 15,000 டாலர் வரை எரிபொருள் அட்டை இலவசம். நெரிசல் நேரத்தில் பலர் சேர்ந்து போகும் கார்களுக்கான கார்பூல் பாதையில் தனி ஆளாகவே போக ஸ்டிக்கர். இவையெல்லாம் மனைவியிடம் சொன்ன காரணங்கள். அவளிடம் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. நான் படித்தது வேதிப்பொறியியல். அப்பாவின் கதைகளைக் கேட்டுத்தான் படித்தேன். அவர் வாழ்நாள் முழுக்கக் குழாய்களுக்குள் ஓட்டிய அந்த வாயு, என் மகளைப் பள்ளியில் இறக்கிவிடும் வண்டிக்குள் ஓட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அந்த ஆசையை வண்டி ஏமாற்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹைட்ரஜன் கார் என்றதும் பலர் நினைப்பதுபோல அதற்குள் எதுவும் எரிவதில்லை. அது மின்சாரக் கார்தான். மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து வைத்துக்கொள்ளாமல் ஓடும்போதே தயாரித்துக்கொள்கிறது, அவ்வளவே. நடுவில் தாளைவிட மெல்லிய ஒரு சவ்வு, இரு பக்கமும் பிளாட்டினம் பூசிய அடுக்கு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும். பிளாட்டினத்தின்மேல் அதன் புரோட்டானும் எலக்ட்ரானும் பிரிந்துவிடும். புரோட்டானுக்கு மட்டும் சவ்வு வழி விடும். எலக்ட்ரான் வெளியே சுற்றிக்கொண்டு வந்தாக வேண்டும். அப்படிச் சுற்றி வரும் ஓட்டம்தான் மோட்டாரைச் சுழற்றுகிறது. மறுபக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எல்லாம் ஒன்றுகூடித் தண்ணீராகிவிடும். இதைத்தான் எரிபொருள் செல் என்கிறார்கள். இப்படிப்பட்ட செல் ஒன்றில் ஒரு வோல்ட்கூடத் தேறாது. அதனால்தான் முந்நூறு, முந்நூற்றைம்பது செல்களை ரொட்டித் துண்டுகளைப்போல் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள்.

1839-லேயே வில்லியம் குரோவ் இதன் ஆதி வடிவத்தைச் செய்து காட்டிவிட்டார். 1965-இல் ஜெமினி 5 விண்கலத்தில் இந்தச் செல்கள்தாம் மின்சாரம் கொடுத்தன. அப்போலோ பயணங்களில் செல்லிலிருந்து வந்த தண்ணீரையே விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். 1966-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வேனில் இதைப் பொருத்தி ஓட்டியது. தொட்டிகளும் குழாய்களும் பின்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்ள, முன்னால் ஆட்கள் உட்கார மட்டும்தான் இடம் இருந்தது. அங்கிருந்து, 2014 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா மிராய் விற்பனைக்கு வந்தபோது அத்தனையும் ஒரு சாதாரணக் குடும்பக் காரின் பானெட்டுக்கும் இருக்கைக்கும் அடியில் அடங்கியிருந்தது. மிராய் என்றால் ஜப்பானிய மொழியில் எதிர்காலம். இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேருடைய உழைப்பு இருக்கிறது என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும்.

அப்பா வந்த மறுநாள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மெல்லக் குனிந்து, அடியில் சொட்டிய நீரை உள்ளங்கையில் ஏந்தினார். மோந்து பார்த்துவிட்டு, "டி.எம். வாட்டர் மாதிரில்லா இருக்கு" என்றார். ஆலையில் கொதிகலனுக்கு விடும், உப்பெல்லாம் நீக்கிய தண்ணீருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

பிறகுதான் கேட்டார்: "இதுக்கு ஹைட்ரஜன் எங்கருந்துலே வருது?"

இயற்கை எரிவாயுவிலிருந்து, ரிஃபார்மரில் எடுத்து, லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்றேன். கலிபோர்னியாச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்காவது புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வர வேண்டும் என்பதையும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. "அப்பம் நாங்க பண்ணுனதத்தான நீங்களும் பண்ணுதிய? கார்பன் டை ஆக்சைட அங்கன விட்டுட்டு இங்கன தண்ணிய விடுதிய."

எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்துக் கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. என் கார் ஒரு கிலோவில் நூறு கிலோமீட்டர் ஓடும். நல்ல ஹைபிரிட் பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டருக்கு விடுவதும் ஏறத்தாழ இதே அளவுதான். வேதிப்பொறியியல் படித்த நான் வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கை, ஓய்வுபெற்ற ஆபரேட்டர் வண்டியடியில் குனிந்தபடி மனதிலேயே போட்டுவிட்டார்.

இனி பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்காலத்தின் சிக்கல் முழுவதும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பெட்ரோல் போடுவது மாதிரிதான். நாசிலை மாட்டி, நெம்புகோலை மடக்கிப் பூட்டினால், காரும் பங்கும் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பேசிக்கொள்ளத் தொடங்கும். தொட்டியில் வெப்பம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று கார் சொல்லச் சொல்ல, பங்கு அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வாயுவை வேகமாக அமுக்கினால் தொட்டி சூடேறும். அதைத் தவிர்க்க ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரிவரை குளிரவைத்து அனுப்புகிறார்கள். எனவே ஒவ்வொரு பங்கிலும் ராட்சத கம்ப்ரசர் ஒன்று, குளிரூட்டி ஒன்று, உயரழுத்தத் தொட்டி வரிசை ஒன்று, கசிவையும் தீயையும் உணரும் கருவிகள் பல. இவற்றில் எது ஒன்று மக்கர் செய்தாலும் பங்கு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொள்வதுதான் சரியும்கூட.

இரண்டு மூன்று கார்கள் அடுத்தடுத்து நிரப்பினால் உயரழுத்தத் தொட்டி இறங்கிவிடும். கம்ப்ரசர் மீண்டும் ஏற்றும்வரை நான்காவது கார்க்காரர் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் போட்டால் பாதித் தொட்டியோடு நின்றுவிடும். ஈரப்பதமான காலையில் நாசில் காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு டிசம்பர் காலையில் அப்படி ஒட்டிக்கொண்ட நாசிலோடு இருபது நிமிடம் போராடினேன். பின்னால் நின்ற ஒரு வியட்நாமியப் பெரியவர் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றி விடுவித்தார். அவர் அதற்காகவே எப்போதும் ஃபிளாஸ்க் கொண்டுவருவாராம். அந்த வரிசைகளில் எனக்குக் கிடைத்த நண்பர்கள் நிறைய. எந்தப் பங்கில் எத்தனை கிலோ மிச்சம், எங்கே லாரி வந்தது, எங்கே கம்ப்ரசர் போய்விட்டது என்று இரவு பதினொரு மணிக்கும் செய்தி அனுப்பிக்கொள்வோம்.

லாரிகளும் சாதாரண விஷயமில்லை. அழுத்தமூட்டிய குழாய்களோடு வரும் ஒரு பெரிய லாரி சுமந்துவருவது முந்நூறு கிலோ அளவில்தான் இருக்கும். அறுபது கார்களுக்குத்தான் அது காணும். அதே அளவு பெட்ரோல் லாரி வந்தால் எத்தனை நூறு கார்கள் நிரம்பும் என்று யோசித்துப் பாருங்கள். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினால் ஏராளமாக ஏற்றலாம். ஆனால் அந்தக் குளிருக்கே ஹைட்ரஜனுக்குள் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் செலவாகும்.

லாரிகூட வேண்டாம், பங்கிலேயே தண்ணீரைப் பிளந்து, கார்பன் வெளியேறாத பச்சை ஹைட்ரஜன் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அந்த நம்பிக்கையில்தான் சில வருடம் இருந்தேன். கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மின்பகுப்பில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். அமுக்கவும் குளிரவைக்கவும் மேலும் சில யூனிட்டுகள். ஐந்து கிலோ கொண்ட தொட்டியை நிரப்ப ஏறக்குறைய 300 யூனிட். ஏசி இல்லாத எங்கள் தூத்துக்குடி வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு வரும் கரண்ட் பில் கணக்கே இந்த அளவுதான். அதைக் கொண்டு என் கார் 500 கிலோமீட்டர் ஓடும். அதே 300 யூனிட்டை ஒரு பேட்டரி காருக்கு ஏற்றினால் சார்ஜ் இழப்பெல்லாம் போக 1,500 கிலோமீட்டர் ஓடிவிடும்.

இந்த மூன்று மடங்கை எந்தக் கம்பெனியாலும் பேசிச் சரிசெய்ய முடியாது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அமுக்கி, சுமந்துபோய், திரும்பவும் மின்சாரமாக்கும் ஒவ்வொரு படியிலும் வெப்பமாகக் கரைவது இயற்கையின் பங்கு. செல் இன்னும் மலிவாகலாம், பிளாட்டினம் இன்னும் குறையலாம், கம்ப்ரசர் பழுதாகாமல் ஓடலாம். அந்த நாளிலும் மூன்று சூரியத் தகடு போட்டு ஒரு தகட்டின் வேலையை வாங்கிக்கொண்டுதான் இருப்போம்.

2021 கடைசியில் என் எரிபொருள் அட்டை முடிந்தது. அதுவரை விலையை நான் கவனித்ததே இல்லை. தொடக்கத்தில் கிலோ 16 டாலர் அளவில் இருந்தது. 2022-இல் ஏற ஆரம்பித்தது. 2023-இல் நான் வழக்கமாகப் போகும் பங்கில் 36 டாலர். கலிபோர்னியாவில் தூய எரிபொருள் விற்போருக்குக் கிடைக்கும் கார்பன் கிரெடிட்டின் விலை இருநூறு டாலர் அளவிலிருந்து எழுபது சொச்சத்துக்கு விழுந்திருந்தது. மறைவில் தாங்கிக்கொண்டிருந்த கை விலகியதும் உண்மையான செலவு வெளியே தெரிந்தது. ஒரு தடவை நிரப்ப 180 டாலர், மைலுக்கு 58 சென்ட். பக்கத்து வீட்டுக்காரரின் ஹைபிரிட், கேலன் ஐந்து டாலர் பெட்ரோலில், மைலுக்குப் பத்து சென்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது இன்னொன்று. கார் என்பது நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவதற்கு. லாஸ் ஏஞ்சலீஸில் மச்சினன் வீட்டு வளைகாப்பு. ஐ-5 நெடுஞ்சாலையில் அறுநூறு கிலோமீட்டர். வழியில் கோலிங்கா பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் பங்கு. செயலியில் பச்சையாகத்தான் காட்டியது. "நாலு மணி நேரம் கழிச்சும் பச்சையா இருக்கும்னு உங்களால சொல்ல முடியுமாங்க?" என்று மனைவி கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. வாடகைக்கு ஒரு பெட்ரோல் கார் எடுத்துக்கொண்டு போனோம். ஐ-5 நெடுகிலும் நான் பேசவே இல்லை.

இந்த ஊரில் ஹைட்ரஜனுக்குப் பணமோ அரசின் ஆதரவோ குறைவாக இருந்ததில்லை. 2004-இல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஹைட்ரஜன் நெடுஞ்சாலைக்கு ஆணையிட்டார். 2010-க்குள் மாநிலம் முழுக்கப் பங்குகள் என்பது திட்டம். 2013-இல் நூறு பங்குகள் வரும்வரை வருடத்துக்கு 2 கோடி டாலர் வரை தரச் சட்டம் வந்தது. இருபது வருடம் கழித்தும் நூறு வரவில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்கள். கார் பெருகினால்தான் பங்கு பெருகும், பங்கு பெருகினால்தான் கார் விற்கும். பேட்டரி காருக்கு இந்தச் சிக்கலே வரவில்லை, ஏனென்றால் முதல் கார் விற்ற நாளிலேயே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு பிளக் இருந்தது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கு வைத்திருந்த ஏழு பங்குகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003 ஜனவரி 28 அன்று ஜார்ஜ் புஷ் நாடாளுமன்ற உரையில் ஹைட்ரஜன் கார் ஆராய்ச்சிக்கு 120 கோடி டாலர் கேட்டார். இன்று பிறக்கும் குழந்தை ஓட்டும் முதல் கார் ஹைட்ரஜனில் ஓடக்கூடும், மாசில்லாமல் ஓடக்கூடும் என்றார். அந்த வாரம்தான் அவள் பிறந்தாள். மருத்துவமனை அறையின் தொலைக்காட்சியில் அந்த உரையைக் கேட்டேன். பதினாறு வருடம் கழித்து அவள் ஓட்டப் பழகியது என் ஹைட்ரஜன் காரில்தான். காலி பார்க்கிங்கில் வட்டமடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். ஏனென்று அவளுக்கு விளக்கினேன். "சூப்பர்ப்பா" என்றாள்.

படித்து முடித்து வேலைக்குப் போய் அவள் வாங்கிய கார் பேட்டரி கார். ஹைட்ரஜனை அவள் பரிசீலிக்கவே இல்லை. அவள் தங்கியிருக்கும் குடியிருப்பின் பார்க்கிங்கில் இப்போது எட்டு சார்ஜர்கள் இருக்கின்றன. 2018-இல் என்னை ஹைட்ரஜன் பக்கம் தள்ளிய முதல் காரணம், அவளுக்கு ஒரு காரணமாகவே இல்லாமல் போய்விட்டது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். 2019 ஜூன் 10 அன்று, சாண்டா கிளாரா தீக்கு ஒன்பது நாள் கழித்து, ஓஸ்லோவுக்கு அருகே சாண்ட்விகாவில் ஒரு ஹைட்ரஜன் பங்கு வெடித்தது. உயரழுத்தத் தொட்டியின் அடைப்பு ஒன்றைச் சரியாக முறுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதிர்ச்சியில் பக்கத்துச் சாலையில் போன காரின் ஏர்பேக் விரிந்து இருவருக்குச் சிறு காயம். பிறகு நார்வேயில் புதிதாக விற்கும் கார்கள் அநேகமாக எல்லாமே பேட்டரி கார்களாகிவிட்டன. 2020-க்குள் 40,000, 2025-க்குள் 2 லட்சம் கார்கள் என்று இலக்கு வைத்திருந்த ஜப்பான் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 2025 ஜூலையில் ஸ்டெல்லாண்டிஸ் ஹைட்ரஜன் வண்டித் திட்டத்தைக் கைவிட்டது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்த தலைமுறைச் செல் உருவாக்கத்தை நிறுத்தியது. 1966-இல் முதல் வேனை ஓட்டிய அதே கம்பெனி. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இன்னும் விடாதவர்களும் இருக்கிறார்கள். ஹூண்டாய் 2025-இல் புதிய நெக்ஸோ ஹைட்ரஜன் காரைக் கொண்டுவந்தது. பிஎம்டபிள்யூ 2028-இல் ஒரு ஹைட்ரஜன் காரை விற்பனைக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருக்கிறது. ஹோண்டாவின் சிஆர்-வி ஹைட்ரஜன் கார் பிளக்கில் மாட்டி சார்ஜ் செய்யும் பேட்டரியோடு 2024-இல் வந்தது, பங்கு கைவிட்டால் வீட்டு மின்சாரத்தில் கொஞ்ச தூரம் ஓட. இவர்களின் பொறியாளர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் என் முடிவைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சொந்தக் காருக்கு ஹைட்ரஜன் வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம் என்றல்ல, என்றைக்குமே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எரிபொருள் செல்லையே நான் ஒதுக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய கிடங்குகளில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஆயிரக்கணக்கில் இதில்தான் ஓடுகின்றன. ஒரே கூரை, ஒரே பங்கு, இரவு பகல் வேலை, வெளியே போகவே போகாத வண்டி. அங்கே கணக்கு ஒத்துவருகிறது. நீண்டதூரக் கனரக லாரிகளில் ஒத்துவரும் என்று சில வருடம் முன்புவரை நம்பினேன். பேட்டரி விலை சரிந்துகொண்டே வரும் வேகத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கையும் தேய்கிறது. சென்னை ஐசிஎஃப்-இல் செய்து 2025 ஜூலையில் சோதித்த ஹைட்ரஜன் ரயில் பெட்டியைப் பற்றிப் படித்தபோது உள்ளூர மகிழ்ந்தேன். ஹரியானாவின் ஜிந்த் - சோனிபட் பாதைக்காகச் செய்தது. ஒரே தடம், ஒரே டிப்போ என்பதால் பங்குத் தொல்லை காரைவிடக் குறைவு. ஆனால் மேலே மின்கம்பி இழுக்க முடிந்த பாதைக்கு ஹைட்ரஜன் எதற்கு என்ற கேள்வியை அந்தப் பொறியாளர்கள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் மறந்துவிடுவது இதைத்தான். ஹைட்ரஜனுக்குப் புதிதாக வேலை தேட வேண்டிய அவசியமே இல்லை. உலகம் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் ஹைட்ரஜன் தயாரிக்கிறது, அதில் அநேகமாக எல்லாமே எரிவாயு, நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வருகிறது. உரத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும்தான் பெரும்பகுதி போகிறது. யூரியாவுக்கு வேறு வழி கிடையாது. பேட்டரியை வயலில் தூவ முடியாது. இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தபோது, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்தது. அதில் ஒவ்வொரு கிலோவும் முதலில் அமோனியா பிளாண்டுக்கும் இரும்பு உலைக்கும் போக வேண்டும். மூன்று மடங்கு மின்சாரத்தைக் கொட்டி ஒரு ஆளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக அதைச் செலவழிப்பது, என் கண்ணில் இப்போது பெரும் பாவமாகப் படுகிறது. ஆறு வருடம் அதைச் செய்தவன் நான்.

2024 செப்டம்பரில் காரை விற்றேன். வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. வாங்கியவர் ஒரு இளைஞர், பங்குக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். நிரப்பும் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். தொட்டிக்குப் பதினைந்து வருட ஆயுள், 2033-க்குப் பிறகு நிரப்பக்கூடாது என்று அதில் தேதி போட்டிருந்தது. பார்த்துவிட்டு, அதுவரை பங்கு இருக்குமா என்று என்னைக் கேட்டார். சொல்லாமல் விற்க மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் கொடுத்தனுப்பினேன்.

2025 செப்டம்பரில் ஒருநாள் அப்பா போன் செய்தார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அம்மா பேப்பர் வாசித்துக் காட்டுகிறாள். "நம்ம துறைமுகத்துல ஹைட்ரஜன் பிளாண்டு தெறந்துட்டாவளாம்லே, பாத்தியா?" பார்த்தேன் என்றேன். வ.உ.சி. துறைமுகத்தில் திறந்த சோதனை ஆலை. "நாப்தாவா, கேஸா?" இல்லப்பா, தண்ணியப் பிரிச்சு எடுக்காங்க. "அப்பம் ரிஃபார்மரே கெடையாதா?" கிடையாது. "மணிக்கு எவ்வளவு?" பத்து கன மீட்டர் என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. மனக்கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பத்து கன மீட்டர் என்றால் ஒரு கிலோவுக்கும் குறைவு. நாளுக்கு ஆயிரம் டன் அமோனியா செய்யும் பிளாண்டுக்கு மணிக்கு ஏழு டன்னுக்கு மேல் வேண்டும்.

"ஒரு கிலோகூட இல்லியே" என்றார். பிறகு, "சரி, நாங்க ஆரம்பிக்கும்போதும் எல்லாம் பெருசாவா இருந்துச்சு" என்றார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் பழைய சகாவின் மகன் ஒருவனை விசாரித்து வைத்திருக்கிறாராம். நான் பொங்கலுக்கு வரும்போது உள்ளே போய்ப் பார்க்க பாஸ் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். "என்னயக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாப் போதும். சத்தத்தக் கேட்டாலே எனக்கு வெளங்கிரும்."